பிள்ளையை ஜிம்னாஸ்டிக்ஸில், டிராம்போலினில் சேர்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போட்டி நாட்களில் நான் உட்காருவது மார்க் கூட்டும் மேஜையில். என் மகள் ஏழு வருடம் டிராம்போலினில் குதித்தாள். அவள் நிறுத்திவிட்டாள், நான் அந்த மேஜையை விடவில்லை. மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும் அப்பா அம்மாக்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் கோச் இல்லை, டாக்டரும் இல்லை. விதிகளில் சர்வதேச அளவில் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறேன். சின்னப் பிள்ளைகளின் போட்டிகளில் அதை எளிதாக்கி வைத்திருப்பார்கள். ஆகவே உங்கள் போட்டியின் விதித்தாளையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

ஜிம்னாஸ்டிக்ஸ்னா ஜிம்னாஸ்டிக்ஸ்தானே? அதுல டிராம்போலின் எங்க வருது?

ஜிம்னாஸ்டிக்ஸ் என்பது ஒரு கூட்டுக்குடும்பம். டிவியில் நாம் அதிகம் பார்ப்பது ஆர்ட்டிஸ்டிக். பெண்களுக்கு அதில் வால்ட், அன்ஈவன் பார்ஸ், பீம், ஃப்ளோர் என நான்கு. ஆண்களுக்கு ஃப்ளோர், பாமல் ஹார்ஸ், ரிங்ஸ், வால்ட், பேரலல் பார்ஸ், ஹை பார் என ஆறு. ரிப்பன், பந்து, வளையம் வைத்து ஆடுவது ரித்மிக். டிராம்போலின் தனிக் கிளை. அதற்குள்ளும் நான்கு உண்டு: தனிநபர், இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து டிராம்போலினில் ஒரே நேரத்தில் குதிக்கும் சிங்க்ரோ, ஓடிவந்து சின்ன டிராம்போலினில் ஏறி இரண்டே ஸ்கில்லில் முடிக்கும் டபுள் மினி, 25 மீட்டர் ஸ்பிரிங் பாதையில் வரிசையாகக் கரணம் அடிக்கும் டம்ப்ளிங். ஒலிம்பிக்கில் இருப்பது தனிநபர் மட்டும்தான், அதுவும் 2000 சிட்னியிலிருந்துதான்.

டிராம்போலினை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் நிஸ்ஸன் என்ற அமெரிக்கர், 1930களில். சர்க்கஸில் ஊஞ்சல் ஆடுபவர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே உள்ள வலையில் விழுந்து துள்ளுவதைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். என் மகள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “அப்போ இது விழுறதுக்காகவே செஞ்சதா?” என்றாள். ஏறக்குறைய அப்படித்தான்.

பொண்ணுக்கு ஒன்பது வயசு ஆயிடுச்சு. லேட்டா அக்கா?

ஆர்ட்டிஸ்டிக்கில் பெரிய மேடைதான் குறி என்றால், ஒன்பது கொஞ்சம் பிந்திய தொடக்கம்தான். ஆறேழு வயதில் ஆரம்பித்த பிள்ளைகள் அதற்குள் ஹேண்ட்ஸ்டாண்டில், அதாவது கையூன்றித் தலைகீழாக நிற்பதில், ஊறிப் போயிருப்பார்கள். டிராம்போலினில் அவ்வளவு நெருக்கடி இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் வந்து நன்றாக ஏறிய பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். சர்வதேச வயதுப் பிரிவுப் போட்டிகளே 11-12 வயதுப் பிரிவில்தான் தொடங்குகின்றன. அதன் மேல் 13-14, 15-16, 17-21.

சீனியர் ஆர்ட்டிஸ்டிக் போட்டிக்குப் பெண்கள் அந்த ஆண்டுக்குள் 16 வயதை எட்டியிருக்க வேண்டும், ஆண்கள் 18. ருமேனியாவின் நாடியா கொமனேச்சி 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஜெயித்தபோது அவருக்கு வயது 14. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாம்தான் இன்னும் “சின்ன வயசுலயே முடிஞ்சிடும்” என்று நினைக்கிறோம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணா உயரம் நின்னு போயிடுமாமே?

எல்லா வருடமும் யாராவது கேட்டுவிடுவார்கள். பயிற்சி செய்வதால் உயரம் குறைகிறது என்பதற்குச் சான்று இல்லை. குட்டையான உடம்பு காற்றில் வேகமாகச் சுழலும். அதனால் குட்டையான பிள்ளைகள் இந்த விளையாட்டில் நிலைக்கிறார்கள், நெட்டையானவர்கள் பாதியில் வேறு பக்கம் போய்விடுகிறார்கள். கூடைப்பந்து ஆடியதால் உயரமானார்கள் என்று நினைப்பதும் இதே குழப்பம்தான், தலைகீழாக.

வளர்ச்சியைத் தொந்தரவு செய்யக்கூடியது வேறு ஒன்று உண்டு: செய்யும் பயிற்சிக்குத் தேவையான அளவு சாப்பிடாமல் இருப்பது. அது கீழே எடை பற்றிய கேள்வியில் வருகிறது.

பையனுக்குத் தட்டைப் பாதம். கோச் சேர்த்துக்குவாரா?

சேர்த்துக்கொள்வார். தீபா கர்மாகருக்குச் சின்ன வயதில் தட்டைப் பாதம். 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட்டில் நான்காம் இடம் பிடித்தவர் அவர். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை என்றால் மட்டும் தொடங்குவதற்கு முன் டாக்டரிடம் கழுத்தெலும்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும், கரணம் அடிப்பது ஆபத்தாகிவிடும். பார்த்து அனுமதி வாங்கிவிட்டால் பிறகு தாராளமாகச் செய்யலாம்.

ஒரு மாசம் ஆச்சு, இன்னும் ஒரு கரணம்கூட சொல்லித்தரல. நிக்கத்தான் கத்துக்கொடுக்கறாங்க. வேற கிளப் பாக்கட்டுமா?

வேண்டாம். நல்ல இடத்தில்தான் சேர்த்திருக்கிறீர்கள்.

டிராம்போலினில் முதலில் கற்றுத்தருவதே நிற்பதுதான். டிராம்போலினில் விரித்திருக்கும் துணியைக் கால் தொடும் நேரத்தில் முழங்காலை மடக்கி, துள்ளலை உறிஞ்சி, அப்படியே நின்றுவிட வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். முதல் நாள் என் மகள் “ஸ்டாப்” என்று சொன்ன பிறகும் நான்கு தடவை துள்ளி, கடைசியில் உட்கார்ந்தேவிட்டாள். இது கைவராத பிள்ளைக்குக் காற்றில் ஏதாவது தப்பிப் போனால் அதை முடித்துவைக்க வழி தெரியாது. அடுத்த துள்ளல் அவளை எங்கே தூக்கிப் போடும் என்பது அவள் கையில் இல்லை.

நிற்கக் கற்ற பிறகு காலை மடக்கிக் குதிப்பது, நீட்டிக் குதிப்பது, விரித்துக் குதிப்பது. அப்புறம் உட்கார்ந்து விழுவது, மல்லாந்து விழுவது, குப்புற விழுவது. உட்கார்ந்து விழுந்து, எழும்பும்போது பாதித் திருப்பம் திரும்பி, மறுபடி உட்கார்ந்தே விழுவதற்கு ஸ்விவல் ஹிப்ஸ் என்று பெயர். ஒரு பிள்ளை இதைக் கால் மடங்காமல் செய்துவிட்டால் கரணத்துக்கு அதிக தூரம் இல்லை என்று அர்த்தம். ஆர்ட்டிஸ்டிக்கிலும் இதே கதைதான். பீமில் ஏற்றுவதற்கு முன்னால் பெட்டியிலிருந்து மெத்தையில் குதித்து அசையாமல் நிற்கவைத்துக்கொண்டே இருப்பார்கள்.

வீட்டுல ஒரு டிராம்போலின் வாங்கிப் போட்டா பழகிக்க மாட்டானா?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வீட்டு டிராம்போலினே வேண்டாம் என்கிறது. நான் அவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன், ஆனால் காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலான காயங்கள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேர் குதிக்கும்போதுதான் நடக்கின்றன. அதிலும் அடிபடுவது ஆளில் சின்னவன். பெரியவன் இறங்கும் நேரத்தில் துணி சின்னவனை அவன் எதிர்பாராத வேகத்தில் உதைத்துவிடும். சுற்றி வலை கட்டினால் வெளியே விழுவது குறையலாம், உள்ளே நடப்பதை வலை தடுக்காது.

வாங்கியே தீர வேண்டும் என்றால் இரண்டு சட்டம்: ஒரு நேரத்தில் ஒருவர், கரணம் கிடையாது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஏறவே கூடாது. போட்டிக்குப் பழகுவது என்ற பேச்சுக்கு இடமில்லை. போட்டி டிராம்போலின் செவ்வகம். துணி மட்டும் சுமார் 4.28 மீட்டருக்கு 2.14 மீட்டர், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அது உதைக்கும் உதையும் வீட்டு வட்டத்தின் துள்ளலும் ஒன்றல்ல. வீட்டில் பழகிய பிள்ளை கழுத்தைக் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே குதிப்பான். அதை மாற்றவே கோச்சுக்குச் சில மாதம் போகும்.

போட்டிக்கு என்ன போட்டு அனுப்பணும்?

லியோடார்ட், அதாவது உடம்போடு ஒட்டிய ஒரே துண்டு உடை. பையன்களுக்கு அதன் மேல் ஷார்ட்ஸ் அல்லது நீளப் பேன்ட். டிராம்போலினில் கட்டாயம் சாக்ஸோ அதற்கான மெல்லிய ஷூவோ வேண்டும். துணி என்று நாம் சொல்வது உண்மையில் நாடாப் பின்னல், வெறுங்காலோடு இறங்கினால் கால்விரல் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். முடியை இறுகக் கட்டுங்கள். தோடு, செயின், கயிறு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

டிராம்போலின்ல மார்க் எப்படிப் போடறாங்க? போர்டுல நாலு நம்பர் வருது, ஒண்ணும் புரியல.

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. ஒரு ரொட்டீன் என்பது நடுவில் நிற்காமல் செய்யும் 10 ஸ்கில்கள். அதற்கு நான்கு மார்க் போட்டுக் கூட்டுகிறார்கள்.

முதலாவது, எவ்வளவு சுத்தமாகச் செய்தார்கள் என்பது. ஒவ்வொரு ஸ்கில்லிலும் 0 முதல் 0.5 வரை கழிப்பார்கள். கால் பிரிந்தால், முழங்கால் மடங்கினால், பாதம் நீளவில்லை என்றால், கரணத்தை நேரத்தில் விரித்து முடிக்கவில்லை என்றால் கழியும். இரண்டாவது, கடினம். கரணத்தில் கால்பங்குச் சுற்றுக்கு 0.1, பாதி ட்விஸ்ட்டுக்கு (உடம்பை நீளவாக்கில் பாதி திருப்புவது) 0.1. முழுக் கரணத்துக்குச் சின்ன ஊக்கமும் சேர்ந்து 0.5. உட்கார்ந்து விழுவது, காலை விரித்துக் குதிப்பது போன்றவற்றுக்கு இதில் பூஜ்யம். ஒரே ஸ்கில்லை இரண்டாம் முறை செய்தால் அதற்கும் பூஜ்யம். மூன்றாவது, காற்றில் இருந்த நேரம். கால் துணியை விட்ட கணத்திலிருந்து மறுபடி தொடும் வரை கருவி அளக்கும். பத்துக் குதியையும் கூட்டினால் எத்தனை நொடியோ அத்தனை மார்க். நான்காவது, நடுவிலிருந்து எவ்வளவு விலகினார்கள் என்பது. 10-இல் தொடங்கி, ஒவ்வொரு இறக்கத்திலும் கால் பட்ட கட்டத்தைப் பொறுத்து 0.1, 0.2, 0.3 என்று குறையும். நடுவில் சிலுவைக் குறி இருக்கிறதே, அதைச் சுற்றிய கட்டத்துக்குள் இறங்கினால் கழிவே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பத்து வயதுப் பெண்ணின் ரொட்டீனில் ஒரு முன்கரணம், ஒரு பின்கரணம், ஒரு பாதித் திருப்பம், ஒரு ஸ்விவல் ஹிப்ஸ், மீதி ஆறும் சாதாரணக் குதிகள். கடினம் 0.5, 0.5, 0.1, 0.1, ஆக 1.2. சுத்தத்துக்கு 7.6, காற்றில் 11.3 நொடி, நடுவில் நின்றதற்கு 9.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 29.2. இப்போது அந்த 1.2-ஐ மறுபடி பாருங்கள். வீட்டில் எல்லோரும் பேசுவது அந்தக் கரணத்தைப் பற்றித்தான். மார்க்கில் அது இருக்கிற இடம் இவ்வளவுதான்.

காத்துல இருக்கற நேரத்தைக் கூட்ட என்ன வழி? சும்மா ஓங்கிக் குதிச்சா போதுமா?

பெரிய ஆண் வீரர்கள் பத்துக் குதியில் 17, 18 நொடி காற்றில் இருப்பார்கள். ஒரு குதிக்கு 1.7 நொடி என்றால் துணியிலிருந்து மூன்றரை மீட்டர் மேலே. நம் பிள்ளைக்கு 1.1 நொடி என்றால் ஒன்றரை மீட்டர். நேரம் ஒன்றரை மடங்கு கூட, உயரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அதனால்தான் கோச்கள் அவசரப்பட்டு உயரம் ஏற்றுவதில்லை.

ஓங்கிக் குதிப்பதால் மட்டும் உயரம் வராது. துணி முழுக்க இறங்கியிருக்கும் கணத்தில் உடம்பு கம்பி மாதிரி நேராக, கை மேலே, இரண்டு காலும் ஒரே நேரத்தில் அழுத்தியிருக்க வேண்டும். ஒரு கால் முந்தினால் பக்கவாட்டில் போகும். அப்போது உயரமும் போகும், நடுவில் இறங்கிய மார்க்கும் போகும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே தெரியும்: இரண்டு காலும் சேர்ந்து இறங்கினால் ஸ்பிரிங்குகள் ஒரே “த்தும்” என்று சொல்லும். பிந்தினால் “த-தும்”.

ஆர்ட்டிஸ்டிக்ல அந்தப் பழைய பத்துக்குப் பத்து என்னாச்சு?

2006-இல் போய்விட்டது. 1976-இல் நாடியாவுக்கு அன்ஈவன் பார்ஸில் 10 கிடைத்தபோது மார்க் பலகையால் அதைக் காட்ட முடியாமல் 1.00 என்று வந்தது. அந்தப் பத்தில் கடினமும் சுத்தமும் கலந்திருந்தது. இப்போது இரண்டையும் பிரித்துவிட்டார்கள். கடினத்துக்கு ஒரு மார்க், அதற்கு மேல்வரம்பு கிடையாது. சுத்தத்துக்கு 10-இலிருந்து கழிவு. இரண்டின் கூட்டல்தான் போர்டில் வருவது.

ஸ்கில்களுக்கு ஏ, பி, சி என்று தரம் உண்டு: ஏ 0.1, பி 0.2, சி 0.3, அப்படியே மேலே. பெண்களுக்கு அதில் பெரிய எட்டைக் கூட்டுவார்கள். இன்னின்ன வகை ஸ்கில் இருக்க வேண்டும் என்ற தேவைகளுக்குத் தனியாக 2.0 வரை உண்டு. கழிவில் சின்னத் தவறு 0.1, நடுத்தரம் 0.3, பெரிது 0.5, விழுந்தால் 1.0. இறங்கும்போது சின்னதாக ஒரு அடி வைத்தாலே 0.1 போச்சு. ஃப்ளோரில் ஒரு கால் கோட்டைத் தாண்டினால் 0.1, இரண்டும் தாண்டினால் 0.3. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே ரொட்டீன் கொடுத்து, பழையபடி 10-இலிருந்து மட்டும் கழிப்பார்கள். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

என் பையன் கஷ்டமானதைச் செஞ்சான். சிம்பிளா செஞ்ச பையனுக்கு மெடல். இது என்ன நியாயம்?

மேலே சொன்ன இரண்டு கணக்கையும் வைத்துப் பாருங்கள். ஆர்ட்டிஸ்டிக்கில் சி ஸ்கில்லை எடுத்துவிட்டு ஈ ஸ்கில் வைத்தால் கிடைக்கும் லாபம் 0.2. விழுந்தால் நட்டம் 1.0. 0.2 சம்பாதிக்கப் போய் 1.0-ஐத் தொலைத்த கதை. விழாவிட்டாலும் முழங்கால் மடங்கி, தடுமாறி ஒரு பெரிய அடி வைத்தாலே அந்த 0.2 தீர்ந்துவிடும்.

டிராம்போலினில் அடி இன்னும் மறைமுகமாக விழும். பழகாத கரணத்தைச் சுற்றி முடிக்கப் பையன் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கிளம்புவான். அதனால் நடுவை விட்டு நகர்வான், அடுத்த குதியில் உயரம் குறையும், அதைச் சரிசெய்ய அதற்கடுத்ததில் கால் மடங்கும். ஒரு ஸ்கில்லின் விலையை அதற்குப் பின்னால் வரும் மூன்று ஸ்கில் கட்டும். அடுத்த முறை உங்கள் பையனின் வீடியோவைப் பார்க்கும்போது காற்றில் இருப்பதைப் பார்க்காதீர்கள். கால் இறங்கும் இடத்தை மட்டும் பாருங்கள். மார்க் உங்களுக்கே தெரியும்.

நடுவுல ஒரு குதி சும்மா குதிச்சிட்டா. அதுக்கப்புறம் எல்லாம் சரியா செஞ்சா. ஏன் மார்க் இவ்வளவு கம்மி?

இதைக் கேட்டு ஒரு அம்மா என் மேஜையில் அழுதுவிட்டார். அந்தப் பெண் ஆறாவது ஸ்கில் முடிந்ததும் அடுத்தது மறந்து, ஒரே ஒரு வெறும் குதி குதித்து, ஞாபகம் வந்து மீதி நான்கையும் அழகாக முடித்தாள். விதிப்படி ரொட்டீன் தொடங்கிய பிறகு நடுவில் வெறும் குதி வந்தால் ரொட்டீன் அங்கேயே முறிந்தது. ஆறுக்குத்தான் மார்க். இரண்டு காலும் சேர்ந்து இறங்காவிட்டாலும், துணியை விட்டு ஓரத்து மெத்தையில் கால் பட்டாலும், கீழே நிற்பவர் பிடித்துவிட்டாலும் அப்படித்தான். முறிந்த பிறகு செய்வதற்குக் கணக்கில்லை.

கடைசி ஸ்கில்லுக்குப் பிறகு ஒரு குதி வேண்டுமானால் குதித்துக்கொள்ளலாம். அப்புறம் இரண்டு காலில் நிமிர்ந்து சுமார் 3 நொடி அசையாமல் நிற்க வேண்டும். பத்தும் முடிந்த சந்தோஷத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கையாட்டி மார்க்கை விட்ட பிள்ளைகள் உண்டு. முதல் மாதம் கற்ற அந்த நிற்பது இங்கேதான் காசாகிறது.

ஆர்ட்டிஸ்டிக்கில் விழுந்தால் முறியாது. 1.0 கழிந்தது கழிந்ததுதான், எழுந்து தொடரலாம். பாரில் 30 நொடி, பீமில் 10 நொடிக்குள் மறுபடி ஏற வேண்டும்.

மார்க் தப்புன்னு தோணுது. நான் போய் ஜட்ஜ்கிட்ட பேசலாமா?

நீங்கள் பேச முடியாது. கோச் கேட்கலாம், அதுவும் ஆர்ட்டிஸ்டிக்கில் கடின மார்க்கைப் பற்றி மட்டும்தான். “என் பிள்ளை செய்த ஸ்கில்லை நீங்கள் எண்ணவில்லை” என்று கேட்கலாம். “கால் அவ்வளவு மடங்கவில்லை” என்று கேட்க வழியில்லை. நேரக் கெடுவும் உண்டு. அடுத்தவரின் மார்க் வருவதற்குள் கேட்டாக வேண்டும். கடைசி ஆளாக இருந்தால் ஒரு நிமிடம். 2024 பாரிஸில் பெண்கள் ஃப்ளோர் இறுதியில் அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸுக்காகக் கொடுத்த முறையீடு அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டி 4 நொடி பிந்தியது என்று நடுவர் மன்றம் வரை போய், வெண்கலமே கைமாறியது. செல்போன் வீடியோவைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வருபவர்களுக்கு இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

மணிக்கட்டு வலிக்குதுங்கறான், குதிகால் வலிக்குதுங்கறான். வளர்ற வயசு வலிதானே?

“வளர்ற வயசு வலி” என்று ஒதுக்கிவிடாதீர்கள். வளரும் பிள்ளையின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு என்று மென்மையான பகுதி இருக்கிறது. கையை ஊன்றி ஊன்றி உடம்பைத் தாங்குவதால் மணிக்கட்டில் அது புண்ணாகும். குதித்து இறங்கி இறங்கிக் குதிகாலிலும், முழங்காலுக்குக் கீழே புடைத்த எலும்பிலும் அதே மாதிரி வரும். பெரும்பாலும் பளுவைக் குறைத்தால் ஆறிவிடும். வலியோடு தொடர்ந்தால் மணிக்கட்டின் வளர்ச்சியே கோணலாகலாம்.

முதுகில் மட்டும் கூடுதல் கவனம். பின்னால் வளையும்போது இடுப்புக்கு மேல் ஓரிடத்தில் வலித்து, இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். முதுகெலும்பின் பின்பக்கம் மெல்லிய கீறல் விழுந்திருக்கலாம், சீக்கிரம் கண்டால் ஓய்விலேயே கூடும்.

குதிக்கும்போது லேசா ஒண்ணுக்கு வந்துடுதுன்னு பொண்ணு அழறா. யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல.

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள், அவர்கள் பிள்ளைக்கு மட்டும் வந்த வியாதி போல. டிராம்போலின் பெண்களிடம் இது சர்வசாதாரணம். ஒவ்வொரு இறக்கத்திலும் அடிவயிற்றின் கீழ்த் தசைகள் மீது விழும் அழுத்தம் அவ்வளவு. தண்ணீர் குடிப்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அதனால் மயக்கம்தான் மிஞ்சும். ஏறுவதற்கு முன் கழிப்பறைக்குப் போகட்டும், கறுப்பு நிற ஷார்ட்ஸ் போடட்டும். இந்தத் தசைகளுக்கான பயிற்சியை ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டால் நன்றாகவே குறைகிறது. என் மகளுக்கு நான் இதைத் தெரிந்துகொள்ளவே இரண்டு வருடம் ஆனது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

எடையைக் குறைச்சா இன்னும் உயரம் போவாளாமே?

யார் சொன்னார்கள் என்று முதலில் கேளுங்கள். கோச் சொன்னார் என்றால் கோச்சை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். வளரும் பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைத்தால் எலும்பு பலவீனமாகும், காயம் ஆறாது, மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். 15 வயது ஆகியும் வரவில்லை என்றாலோ, வந்துகொண்டிருந்தது மூன்று மாதம் நின்றாலோ “ஜிம்னாஸ்டிக்ஸ் பண்றா, அப்படித்தான்” என்று விட்டுவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அனுப்பலாம்?

விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு: வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒன்பது வயதுக்கு ஒன்பது மணி. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. தீவிரமான கிளப்கள் இதைத் தாண்டுவது எனக்குத் தெரியும். தாண்டுகிறவர்கள் மேலே சொன்ன வலிகளை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்.

நேத்து வரைக்கும் நல்லா செஞ்ச கரணம் இன்னிக்கு வரவே இல்ல. நடிக்கறாளா?

நடிக்கவில்லை. டிராம்போலின்காரர்கள் இதை லாஸ்ட் மூவ் என்பார்கள், ஆர்ட்டிஸ்டிக்கில் ட்விஸ்டிஸ். காற்றில் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வு திடீரென அறுந்துபோகும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சிமோன் பைல்ஸ் இரண்டரை ட்விஸ்ட் போட வேண்டிய வால்ட்டில் ஒன்றரையோடு இறங்கிவிட்டு, அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகினார். உலகத்திலேயே சிறந்தவருக்கு வந்தது உங்கள் பெண்ணுக்கும் வரலாம். 2024-இல் பாரிஸில் அவர் மறுபடி ஆல்ரவுண்ட் (எல்லாக் கருவியின் மார்க்கையும் கூட்டும் போட்டி) தங்கம் வாங்கியதையும் அவளிடம் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதது: “நேத்து செஞ்சல்ல, சும்மா போடு” என்று தள்ளுவது. காற்றில் பாதியில் நிறுத்திவிட்டால் கழுத்தில் இறங்குவாள். நல்ல கோச் அந்த ஸ்கில்லைத் துண்டு துண்டாக்கி, ஸ்பாஞ்ச் குழியிலோ கயிற்றில் கட்டியோ முதல் படியிலிருந்து கொண்டுவருவார். சில வாரத்திலும் வரும், ஆறு மாதமும் ஆகும். என் மகளுக்குப் பின்கரணம் ஐந்து மாதம் வரவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதையே விட்ட பிறகுதான் வந்தது. பேசாததால் வந்ததா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கோச் பயிற்சி நடக்கும்போது எங்களை உள்ளேயே விடமாட்டேங்கறார். சரிதானா?

தளத்தில் இறங்கி நிற்கக் கூடாது என்பது சரி. நீங்கள் “பாத்து, பாத்து” என்று கத்தினால் பிள்ளை உங்களைப் பார்க்கும், துணியைப் பார்க்காது. எங்கிருந்தும் பார்க்கவே முடியாது என்பது சரியில்லை. இந்த விளையாட்டில் கோச் பிள்ளையைத் தொட்டுத் தாங்கித்தான் கற்றுத்தர முடியும். ஆகவே அது எல்லோர் கண்ணெதிரிலும் நடக்க வேண்டும். அமெரிக்க அணியின் மருத்துவராக இருந்தவரே நூற்றுக்கணக்கான பெண்களிடம் அத்துமீறி, 2018-இல் நீண்ட சிறைத்தண்டனை பெற்றார். சிலரிடம் சிகிச்சை என்ற பெயரில், பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே நடந்தது. தனியறை, தனிப்பட்ட மெசேஜ், “அம்மாகிட்ட சொல்லாத” இந்த மூன்றில் ஒன்று காதில் விழுந்தாலும் விசாரியுங்கள்.

பதிமூணு வயசு, ஆர்ட்டிஸ்டிக்ல உயரம் ஜாஸ்தி ஆயிடுச்சு. டிராம்போலினுக்கு மாத்தலாமா?

தாராளமாக. கரணம், ட்விஸ்ட், காற்றில் இருக்கும் உணர்வு எல்லாம் ஏற்கனவே இருக்கிறது. நேரமும் இருக்கிறது. பாரிஸில் பெண்கள் டிராம்போலின் தங்கம் வாங்கியபோது பிரையோனி பேஜுக்கு வயது 33.

ஒரே ஒரு சிக்கல். ஆர்ட்டிஸ்டிக் பிள்ளைகளுக்குத் தரையை அடித்துக் கிளம்பிப் பழக்கம். துணி அப்படி உடனே திருப்பித் தராது. அது கீழே போய் மேலே வரும் வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் அவசரப்பட்டுக் கிளம்பி முன்னால் பாய்வார்கள். இரட்டைக் கரணம் தெரிந்த பிள்ளையைப் பார்த்து முதல் நாள் கோச், “நேராகக் குதி. நான் சொன்னதும் நில்” என்பார். வீட்டுக்கு வந்து புலம்புவாள். மேலே, ஒரு மாதமாகியும் கரணம் சொல்லித்தரவில்லை என்று கேட்டவருக்குச் சொன்ன பதிலை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.